பட்டாயாவின் மாலையும் இரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் கடற்கரை நகரமான பட்டாயாவுக்குச் செல்லும் தமிழ்ப் பயணிகள், சூரியன் மறைந்த பிறகு அங்கே எங்கே போவது, எவ்வளவு செலவாகும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. நண்பர்களாகச் செல்வோரையும் குடும்பமாகச் செல்வோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டுள்ளன.

பட்டாயாவின் இரவுக் கேளிக்கைகள் நகரின் எந்தப் பகுதிகளில் நடக்கின்றன?

பாங்காக்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், சோன்புரி மாகாணத்தில், மேற்கு நோக்கிய பிறை வடிவ விரிகுடாவை ஒட்டி இந்த நகரம் அமைந்திருக்கிறது. கடலை ஒட்டிச் செல்வது பீச் ரோடு. அதற்கு இணையாக உட்புறம் செல்வது செகண்ட் ரோடு. பீச் ரோட்டில் வாகனங்கள் வடக்கிலிருந்து தெற்காகவும், செகண்ட் ரோட்டில் தெற்கிலிருந்து வடக்காகவும் மட்டுமே ஓடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஊரில் வழி தவற வாய்ப்பு குறைவு. இரண்டு சாலைகளையும் இணைக்கும் குறுந்தெருக்களுக்குச் சொய் என்று பெயர். பார்கள் பெரும்பாலும் இந்தச் சொய்களில்தான் இருக்கின்றன.

பீச் ரோட்டின் தென்கோடியில் வாக்கிங் ஸ்ட்ரீட் தொடங்குகிறது. செகண்ட் ரோட்டுக்கும் கிழக்கே உள்ள சொய் புவாகாவ் பகுதியில் நேரடி இசை கேட்கும் இடங்களும் திறந்தவெளி பியர் பார்களும் நெருக்கமாக உள்ளன. அங்கே விலையும் சற்றுக் குறைவு. பிரதும்னக் குன்றைத் தாண்டித் தெற்கே சென்றால் ஜோம்தியன் கடற்கரை. அது அமைதியை விரும்புவோருக்கானது. வடக்கே நக்லுவா பழைய மீனவப் பகுதி. கடலுணவுக்கு அங்கே போகலாம்.

வாக்கிங் ஸ்ட்ரீட் என்பது என்ன? குடும்பத்துடன் போகலாமா?

பீச் ரோட்டின் முடிவில் உள்ள பெரிய ஒளிவளைவிலிருந்து பாலி ஹாய் படகுத்துறைப் பக்கம் வரை ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளும் தெரு அது. மாலையில் வாகனங்கள் தடுக்கப்பட்டு, தெரு முழுவதும் நடப்பவர்களுக்கு விடப்படுகிறது. நடன அரங்குகள், மேடையில் பெண்கள் ஆடும் கோகோ பார்கள், கடலுணவு விடுதிகள், ஹிந்தி, பஞ்சாபிப் பாடல்கள் ஒலிக்கும் இந்திய நடன அரங்குகள் என எல்லாம் இருபுறமும் வரிசையாக இருக்கும். ஒரு கதவைக் கடந்து அடுத்த கதவுக்கு வருவதற்குள் பாட்டு மாறிவிடும். நடுவில் நிற்பவருக்கு இரண்டும் சேர்ந்து இரைச்சலாகத்தான் கேட்கும்.

குழந்தைகளோடு அந்தத் தெருவில் நடக்கத் தடை ஏதும் இல்லை. பல நாட்டுக் குடும்பங்கள் இரவு எட்டு மணி வாக்கில் வேடிக்கை பார்த்தபடி நடப்பதைக் காணலாம். ஆனால் கோகோ பார்களின் வாசலில் பெண்கள் குறைந்த உடையில் நின்று வாடிக்கையாளர்களை அழைப்பார்கள் என்பதையும், ஆபாசக் காட்சிகளுக்கான அட்டைகளைக் கையில் வைத்திருக்கும் தரகர்கள் குழந்தை பக்கத்தில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் நீட்டுவார்கள் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பெரியவர்கள் ஒருமுறை முழுத் தெருவையும் நடந்து பார்த்துவிட்டு, உட்கார வேறு இடம் தேடிக்கொள்ளலாம். அந்தத் தெருவில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை, உட்கார்ந்தால்தான் செலவு.

ஒரு கடற்கரை ஊர் இப்படி ஆனது எப்படி?

1950-களின் இறுதிவரை பட்டாயா ஒரு சிறிய மீனவக் கிராமம். வடகிழக்குத் தாய்லாந்தின் கோராட் பகுதியில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் 1959-இல் ஓய்வெடுக்க இங்கே வந்ததிலிருந்து ஊரின் சுற்றுலாக் கதை தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். வியட்நாம் போர்க் காலத்தில், தெற்கே உ-தபாவ் விமானத் தளம் இயங்கியபோது, விடுப்பில் வரும் வீரர்களை நம்பிப் பார்களும் விடுதிகளும் பெருகின. போர் முடிந்த பின் அந்த இடத்தை ஐரோப்பியப் பயணிகளும், பிறகு ரஷ்யர்கள், சீனர்கள், இந்தியர்களும் நிரப்பினார்கள். 1978-இல் தனி ஆட்சி அமைப்புள்ள சிறப்பு நகரமாக அறிவிக்கப்பட்டது.

மாலை எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும்?

விரிகுடா மேற்கு நோக்கியிருப்பதால் சூரியன் கடலில் மறைவதைக் கடற்கரையிலிருந்தே பார்க்கலாம். பருவத்தைப் பொறுத்து ஆறு மணியை ஒட்டி முன்பின்னாக நடக்கும். பிரதும்னக் குன்றின் காட்சிமுனையிலிருந்து பார்த்தால் பிறை வடிவக் கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதும் தெரியும். ஆறிலிருந்து எட்டு வரை இரவுச் சந்தைகளும் உணவும்; ஏழு மணிக்கு மேல் மேடை நிகழ்ச்சிகள்; ஒன்பதுக்கு மேல் நேரடி இசை; நடன அரங்குகள் உயிர்பெறுவது பதினொன்றுக்குப் பிறகுதான். ஒன்பது மணிக்கே டிஸ்கோவில் நுழைந்து, ஆளே இல்லை என்று ஏமாந்து திரும்புபவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

2023 டிசம்பர் முதல், பாங்காக், புக்கெட், சியாங் மாய், கோ சமுய் ஆகியவற்றோடு சோன்புரி மாகாணத்திலும் உரிமம் பெற்ற கேளிக்கை இடங்கள் அதிகாலை 4 மணி வரை இயங்க அரசு அனுமதித்துள்ளது. சாதாரண பார்கள் அதற்கு வெகு முன்பே மூடிவிடும். கடைகளில் மது வாங்குவது வேறு கணக்கு. மாலையில் நள்ளிரவு 12 மணி வரை வாங்கலாம், பன்னிரண்டு அடித்துவிட்டால் கல்லாவில் பில் போட மாட்டார்கள்.

டிஃபனி, அல்கசார் என்ற நிகழ்ச்சிகள் எப்படிப்பட்டவை? எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டுமே திருநங்கைக் கலைஞர்கள் நடிக்கும் நடன நிகழ்ச்சிகள். டிஃபனி 1974-இலும் அல்கசார் 1981-இலும் தொடங்கப்பட்டன. இரண்டு அரங்குகளும் செகண்ட் ரோட்டில் உள்ளன. பாடல்களுக்கு உதடசைத்து ஆடுவதே முறை. சுமார் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும் நிகழ்ச்சியில், தாய்லாந்து, சீன, கொரிய, மேற்கத்தியப் பாணிக் காட்சிகளும், பெரும்பாலும் ஒரு ஹிந்திப் பாடல் காட்சியும் வரும். ஆபாசம் கிடையாது; தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லலாம். திருநங்கையருக்கான உலக அழகிப் போட்டியான மிஸ் இன்டர்நேஷனல் குவீன் 2004 முதல் டிஃபனி அரங்கத்தோடு இணைந்து நடந்துவருகிறது என்பதால், அந்த மேடைக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், ஒன்றைப் பார்த்தால் போதும் என்பேன். இரண்டின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. அரங்க வாசலில் வாங்குவதைவிடப் பயண முகவர்களிடமோ இணையத்திலோ சீட்டு மலிவாகக் கிடைப்பது வழக்கம். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்கள் முழு ஒப்பனையோடு வெளியே வந்து நிற்பார்கள். அவர்களோடு படம் எடுத்துக்கொண்டால் டிப்ஸ் தர வேண்டும். ஒரு படத்தில் மூவர் நின்றால் மூவரும் தனித்தனியே எதிர்பார்ப்பார்கள். தர விருப்பமில்லையென்றால் தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அவர்களைக் கேலி செய்வதும், தொட்டுப் பார்ப்பதும், "ஆணா பெண்ணா" என்று உரக்கக் கேட்பதும் அருவருப்பான நடத்தை. நம் குழுக்களிடம் இது அவ்வப்போது காணப்படுவதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பியர் பாரில் பில் எப்படிப் போடுகிறார்கள்? ஏமாற்று நடக்குமா?

திறந்தவெளி பியர் பாரில் உட்கார்ந்து சிங்கா, லியோ போன்ற உள்ளூர் பியர் ஒன்றைக் கேட்டவுடன், பாட்டிலோடு ஒரு சிறு குவளையும் உங்கள் முன் வந்து உட்காரும். அதற்குள் சுருட்டிச் செருகப்பட்ட தாள்தான் உங்கள் பில். அடுத்த பானம் வரும்போது அடுத்த தாள் அதே குவளைக்குள் போகும். கிளம்பும்போது குவளையை எடுத்துச் சென்று கூட்டிச் சொல்வார்கள். இந்த முறை பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் வாடிக்கையாளருக்கு நல்லது: எந்த நேரத்திலும் தாள்களை எடுத்து எண்ணிப் பார்க்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறை தாள் விழும்போதும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்ல பழக்கம். நான்காவது பாட்டிலுக்குப் பிறகு கணக்கு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

பக்கத்தில் வந்து பேசும் பணிப்பெண் தனக்கும் ஒரு பானம் வாங்கித் தரச் சொல்லலாம். லேடி டிரிங்க் எனப்படும் அதன் விலை உங்கள் பானத்தைவிடக் கூடுதல். அதில் ஒரு பங்கு அவருடைய வருமானம். வேண்டாம் என்று புன்னகையோடு சொன்னால் போதும். வாங்கித் தருவதாக இருந்தால் விலையைக் கேட்டுவிட்டுத் தருவது முறை. அவர் நான்கு வட்டுகளை ஒரே வரிசையில் சேர்க்கும் கனெக்ட் ஃபோர் விளையாட்டுப் பலகையை எடுத்து வைத்தால், தோற்றவர் வாங்கித் தர வேண்டும் என்பது அதன் உள்ளர்த்தம். தினமும் அதையே ஆடுபவரை வெல்வது எளிதல்ல.

இன்னொன்று, பாரின் கூரையில் தொங்கும் மணி. அதை யார் அடிக்கிறாரோ அவர் அங்கே இருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கித் தருகிறார் என்று பொருள். கை துறுதுறுக்கும் நண்பர்களை அதற்கு அருகில் உட்கார வைக்காதீர்கள்.

ஏமாற்று என்று பார்த்தால், விலைப் பட்டியல் வெளியே தெரியும் பியர் பார்களில் அது அரிது. தெருவில் அட்டையைக் காட்டி மாடிக்கு அழைத்துச் செல்லும் காட்சி அரங்குகளில்தான் நுழைவு இலவசம் என்று சொல்லிவிட்டு, வெளியேறும்போது கேட்காத பானங்களுக்கும் சேர்த்துப் பெருந்தொகை கேட்கும் வழக்கம் உண்டு. அங்கே போகாமல் இருப்பதே தீர்வு. கோகோ பார்களுக்குள் படம் எடுப்பது தடை; கைப்பேசியைத் தூக்கினாலே காவலர் வந்துவிடுவார்.

ஐந்து பேர் அமர்ந்து ஒரே ஒரு பியர் வாங்கிப் பகிர்ந்துகொள்வது நம் ஊரில் தோழமையாக இருக்கலாம். அங்கே அது இடத்தை அடைத்துக்கொள்வது. ஆளுக்கு ஒரு பானம் என்பது எழுதப்படாத விதி. சோடாவோ கோலாவோ கேட்டாலும் போதும்.

மது அருந்தாதவர்களுக்கு மாலையில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, மேலும், மலிவாகவும் இருக்கிறது. ஜோம்தியன் கடற்கரைச் சாலையில் இரவுச் சந்தை நடக்கிறது. தெப்பிரசித் சாலைச் சந்தை வார இறுதிகளில் களைகட்டும். துணிமணி, பொம்மை, பழம், வறுத்த பூச்சி வரை கிடைக்கும். பூச்சித் தட்டைப் படம் எடுப்பதற்குக் காசு கேட்கும் கடைகளும் உண்டு, அதற்கான அறிவிப்பு தட்டின் மேலேயே செருகியிருக்கும்.

வடகோடியில் டால்பின் ரவுண்டானாவுக்கு அருகே 2018-இல் திறக்கப்பட்ட டெர்மினல் 21 என்ற வணிக வளாகத்தில், ஒவ்வொரு தளமும் ஓர் உலக நகரத்தின் சாயலில் விமான நிலையம்போல் அமைக்கப்பட்டிருக்கும்; அதன் உணவுக்கூடத்தில் தெருக்கடை விலைக்கு நெருக்கமான விலையில் குளிரூட்டப்பட்ட இடத்தில் சாப்பிடலாம். பீச் ரோட்டில் உள்ள சென்ட்ரல் பட்டாயா வளாகத்தில் திரையரங்குகள் உண்டு. இந்திய உணவும் ஹிந்திப் பாடல்களும் கொண்ட படகு விருந்துகளைப் பயண முகவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். இவற்றைப் பற்றிய என் மதிப்பீடு கலவையானது. கடற்காற்றும் நகர விளக்குகளும் அருமை, ஒலிபெருக்கியின் அளவை மட்டும் யாரும் குறைப்பதில்லை.

எதுவும் வேண்டாம் என்றால், பீச் ரோட்டின் நடைபாதையில் மரங்களுக்குக் கீழே வடக்குப் பகுதியில் நடக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

சட்டப்படி எத்தனை வயதாகியிருக்க வேண்டும்?

மது வாங்கவும், நடன அரங்குகளில் நுழையவும் 20 வயது நிறைந்திருக்க வேண்டும். வாசலில் கேட்டால் காட்ட, கடவுச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருங்கள். சில இடங்களில் அசலையே கேட்பார்கள்.

இரவில் சைவ உணவு கிடைக்குமா?

தெற்குப் பட்டாயாவில், வாக்கிங் ஸ்ட்ரீட்டைச் சுற்றி, இந்திய உணவகங்கள் பின்னிரவு வரை திறந்திருக்கும். பெரும்பாலும் வட இந்திய உணவு, இட்லி தோசை தேடினால் ஓரிரு இடங்களில் கிடைக்கும். தெருக்கடைகளில்தான் சிக்கல். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும், மீன் சாஸும் சிப்பி சாஸும் சமையலின் அடிப்படைச் சுவை என்பதால் அவை சேர்ந்துவிடும். "ஜே" என்று சொன்னால் முழுச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். அதில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரியும் கடைகள் அப்படிப்பட்டவை. மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாப்பிடக்கூடியவை.

இரவில் விடுதிக்குத் திரும்ப என்ன வாகனம்?

பின்புறம் இரண்டு நீள இருக்கைகள் வைத்த அடர்நீலச் சிறு லாரிகள்தான் ஊரின் பேருந்து. சோங்தேவ் அல்லது பாட் பஸ் என்பார்கள். பீச் ரோட்டில் தெற்காகவும் செகண்ட் ரோட்டில் வடக்காகவும் சுற்றிக்கொண்டே இருக்கும். கையைக் காட்டி ஏற வேண்டும், இறங்க வேண்டிய இடத்தில் கூரையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும், இறங்கி ஓட்டுநரின் சன்னலில் காசைத் தர வேண்டும். ஆளுக்கு 10 பாட் என்பது நெடுங்காலமாக நிலவிய கட்டணம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஏறும் முன் "இந்த இடத்துக்கு எவ்வளவு" என்று கேட்டுவிட்டால், நீங்கள் வண்டியைத் தனியாக வாடகைக்கு எடுப்பதாக ஓட்டுநர் எடுத்துக்கொண்டு நூறு, இருநூறு என்று சொல்வார். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பேசாமல் ஏறுங்கள். காலியாக நின்றுகொண்டிருக்கும் வண்டியைத் தவிருங்கள். ஜோம்தியன் செல்லும் வண்டிகள், சவுத் பட்டாயா ரோடும் செகண்ட் ரோடும் சந்திக்கும் முனையிலிருந்து புறப்படும். நள்ளிரவுக்குப் பிறகு வாடகை வண்டி அழைக்கும் போல்ட், கிராப் செயலிகள் வசதியானவை.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து இரவில் ஓட்டலாமா?

குடித்திருந்தால் கூடாது. இரத்தத்தில் மதுவின் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். இரவுச் சோதனைகள் அடிக்கடி நடக்கின்றன. குடிக்காதவருக்கும் இருசக்கர வாகனத்துக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தலைக்கவசமும் வேண்டும். அனுமதி இல்லாமல் விபத்தில் சிக்கினால் பயணக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கக்கூடும். மருத்துவமனைச் செலவை எண்ணிப் பார்த்தால் சோங்தேவ் மிக மலிவு. கடவுச்சீட்டை அடமானமாகக் கேட்கும் கடையில் வண்டி எடுக்காதீர்கள்.

பாலியல் தொழில் அங்கே சட்டபூர்வமானதா?

இல்லை. வெளிப்படையாக நடப்பதால் அனுமதிக்கப்பட்டது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர் தொடர்பான குற்றங்களுக்குக் கடும் சிறைத்தண்டனை உண்டு. கடற்கரை நடைபாதையில் அல்லது பாரில் அறிமுகமானவரை அறைக்கு அழைத்துச் சென்று, விழிக்கும்போது பணமும் கைப்பேசியும் காணாமல் போன புகார்கள் அந்த ஊரில் புதிதல்ல. அங்கே வேலை செய்யும் பெண்களில் பலர், வறண்ட வடகிழக்கு மாகாணங்களிலிருந்து குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு மரியாதையோடு பேசுவது நல்லது.

கஞ்சா, மின் சிகரெட் பற்றிய விதிகள் என்ன?

கஞ்சா 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதால் ஊரெங்கும் கடைகள் முளைத்தன. ஆனால் 2025 ஜூன் முதல் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று விதி மாறிவிட்டது. கடை திறந்திருப்பதைப் பார்த்துப் பழைய நிலையே தொடர்வதாக நினைக்க வேண்டாம். இந்தியாவுக்குள் கொண்டுவருவது எந்த நிலையிலும் குற்றம். மின் சிகரெட்டை இறக்குமதி செய்வதும் விற்பதும் தாய்லாந்தில் தடை செய்யப்பட்டவை. பையில் வைத்திருந்தாலே அபராதத்தில் சிக்கலாம்.

நகை, பணம் குறித்து என்ன எச்சரிக்கை?

தங்கச் சங்கிலியை அறையின் பெட்டகத்தில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். பின்னிரவில் பீச் ரோட்டில் நடக்கும் இந்தியர்களின் கழுத்துச் சங்கிலி, ஸ்கூட்டரில் வருபவர்களாலோ, கட்டியணைத்துக் கொஞ்சிப் பேசுபவர்களாலோ பறிக்கப்படுவது அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் பழகிப்போன புகார். இரண்டாவது வகைத் திருட்டில் பறிபோனதே பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். வெளிநாட்டு அட்டையில் ஏ.டி.எம். வழியாகப் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கும் மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே ஒரே தடவையில் எடுத்துப் பிரித்து வையுங்கள்.

பெண்கள் மட்டும் குழுவாகப் போனால் பாதுகாப்பா?

பொதுவாகப் பாதுகாப்பானதே. தெருவில் பெண்களைத் துரத்துவதும் சீண்டுவதும் அங்கே குறைவு. சந்தைகள், மேடை நிகழ்ச்சிகள், நேரடி இசை நடக்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் தயக்கமின்றிப் போகலாம். பானத்தைக் கண்பார்வையிலிருந்து விலக்காதிருப்பது எங்கும் போலவே.

எந்த மாதத்தில் போவது? சிறப்பு இரவுகள் உண்டா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வறண்ட, இதமான காலம். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. ஒரு மணி நேரம் கொட்டினால் பீச் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்பதுண்டு. பன்னாட்டு வாணவேடிக்கை விழா பெரும்பாலும் நவம்பர் இறுதியில் கடற்கரையில் நடக்கும். டிசம்பர் 31 இரவில் பாலி ஹாய் பகுதியில் பெருங்கூட்டம் கூடும். நாடு முழுவதும் ஏப்ரல் 13 முதல் 15 வரை கொண்டாடப்படும் சோங்க்ரான் நீர்விழா, பட்டாயாவில் ஏப்ரல் 19-ஆம் நாள் வரை நீண்டு அன்றைக்குத்தான் உச்சம் தொடுகிறது. அன்று மாலை பீச் ரோட்டில் உலர்ந்த சட்டையோடு யாரும் இருக்க முடியாது.

மாக பூஜை, விசாக பூஜை போன்ற பௌத்தப் புனித நாட்களில் மது விற்பனைக்குத் தடை இருந்துவந்தது. 2025-இல் விடுதிகளுக்கும் உரிமம் பெற்ற கேளிக்கை இடங்களுக்கும் விலக்கு தரப்பட்டுள்ளது, கடைகளில் கிடைக்காது. தேர்தல் நடந்தால் முந்தைய நாள் மாலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் மது கிடையாது.

சிக்கல் ஏற்பட்டால் யாரை அழைப்பது?

சுற்றுலாக் காவல்துறைக்கு 1155, ஆங்கிலத்தில் பேசலாம். பொதுக் காவல்துறைக்கு 191, மருத்துவ அவசரத்துக்கு 1669. பில் தகராறில் குரலை உயர்த்துவது தாய்லாந்தில் எடுபடாது. கத்துபவர் தரப்பு நியாயமானதாக இருந்தாலும் மற்றவர்கள் விலகிவிடுவார்கள். புன்னகை மாறாமல் 1155-ஐ அழுத்திக் கைப்பேசியைக் காதில் வைப்பது பலமுறை தொகையைக் குறைத்துவிடும்.

இரவு முழுவதும் சுற்றிவிட்டு நேராக விமான நிலையம் போய்விடலாமா?

சுவர்ணபூமி விமான நிலையம் சுமார் 120 கிலோமீட்டர்; சாலை காலியாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். பின்னிரவில் விமான நிலையப் பேருந்து ஓடாது என்பதால், முந்தைய நாளே விடுதி வழியாக ஒரு காரைப் பேசி, சுங்கக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை மாலையிலேயே கட்டி விடுதி வரவேற்பறையில் கொடுத்துவைத்தால், அதிகாலை நான்கு மணிக்கு அறைச் சாவியைத் தேட வேண்டியிருக்காது.